மீன் மிகுந்த ஊரில் சத்துக் குறைவு

காரைக்கால் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களுள் கருக்களாச்சேரியும் ஒன்று. கிழக்கே வங்கக் கடல். மேற்கே சற்றுத் தொலைவு சென்றால் காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல் வயல்கள். மீனும் சோறும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இத்தகைய ஊரில் உணவுச் சத்துக் குறைவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவக்கூடும். விடியற்காலையில் படகுகள் கரைசேர்வதையும், கூடை கூடையாக மீன் இறங்குவதையும் காணும் வெளியூரார் அவ்வாறு எண்ணுவது இயல்பே.

ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நாடெங்கும் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். தமிழ்நாட்டில் இத்தொகை நூற்றுக்கு 53. காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரிப் பிரதேசத்தில் 55. குழந்தைகளிடையே நிலைமை இதைவிட மோசம். இவர்களுள் பெரும்பாலோர் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். வேளைக்குச் சோறு உண்பவர்களே. வயிறு நிறைகிறது, ஆயினும் உடல் வேண்டும் சில பொருள்கள் அச்சோற்றில் போதிய அளவு இல்லை. இத்தகைய குறைவு பசியாக வெளிப்படாது. களைப்பாக, மூச்சிரைப்பாக, அந்தி சாய்ந்தால் கண் தெரியாமையாக, படிப்பில் மந்தமாக, எடை குறைந்து பிறக்கும் குழந்தையாக வெளிப்படும். ஆகவே இதன் காரணத்தை உணராமல் பலர் விதியின்மேல் பழி போடுகின்றனர்.

யார் எதை உண்கிறார்கள்?

கரையில் இறங்கும் மீன் எல்லாம் அக்கரையில் உள்ளோரின் உணவாவதில்லை. வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் ஏலத்துக்குப் போகின்றன; அவற்றை விற்றுத்தான் டீசல் கடனும் வலைக் கடனும் தீர வேண்டும். வீட்டுக்கு வருவது கவலை, காரப்பொடி, நெத்திலி போன்ற பொடிமீன். இதனைக் குறையாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் சத்தைப் பொறுத்தவரை இது குறையே அன்று. இதைப்பற்றிப் பின்னர் கூறுவோம். குறை இருப்பது வேறிடத்தில். குழம்பில் கிடக்கும் மீன் துண்டுகள் முதலில் கடலுக்குச் சென்று வந்த ஆண்களுக்கும், அடுத்துப் பிள்ளைகளுக்கும் பரிமாறப்படுகின்றன. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றுத் திரும்பும் தாய், எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சிய குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து உண்கிறாள். இது கருக்களாச்சேரியின் வழக்கம் மட்டுமன்று; நெல் வயலோரத்து ஊர்களிலும், நகரத்து வீடுகளிலும் இதே முறைதான்.

அத்தாயின் ஒரு நாள் உணவை எடைபோட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து கிடைக்கும் இரும்புச் சத்து ஏறத்தாழ 3 மில்லிகிராம். குழம்பில் சேர்ந்த புளி, மிளகாய், மல்லி, ஒரு துண்டு மீன், இரண்டு கத்தரிக்காய் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 10 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் வேண்டும். மாதந்தோறும் இரத்தம் இழப்பவளுக்குத் தேவை மிகுதி, கிடைப்பதோ குறைவு. இந்த இடைவெளிதான் சோகை என்னும் நோயின் வேர்.

சோகை

இரத்தத்தின் செம்மைக்குக் காரணமான ஹீமோகுளோபின் என்னும் பொருள் இரும்பைக் கொண்டு ஆக்கப்படுவது. நுரையீரலிலிருந்து பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதன் பணி. இது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையலாகாது. 7 கிராமுக்குக் கீழ் இறங்கினால் கடுஞ்சோகை. அந்நிலையில் பிரசவ வேளையில் மற்றவர் தாங்கக்கூடிய இரத்தப்போக்கைக்கூடத் தாய் தாங்கமாட்டாள்.

உணவில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதை முதலில் அறிய வேண்டும். அரிசி, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பில் நூற்றில் பத்துக்கும் குறைந்த பங்கே இரத்தத்தில் சேரும். மீன், இறைச்சி, ஈரல் இவற்றிலுள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதில் சேரும். அதுமட்டுமன்று, மீனோ இறைச்சியோ சிறிதளவு உடனிருந்தால், அதே இலையில் உள்ள கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரையோடு நெத்திலிக் கருவாட்டைச் சேர்த்துச் சமைக்கும் கரையோரப் பழக்கம் இந்த வகையில் மிகச் சிறந்தது. நாகரிகம் கருதி இதனைக் கைவிட்டவர்கள் மீண்டும் மேற்கொள்ளலாம்.

இரும்பைச் சேர்ப்பதில் துணைசெய்யும் மற்றொரு பொருள் வைட்டமின் 'சி'. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் இது மிகுதி. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. விலையுயர்ந்த ஆரஞ்சுப் பழம் இதற்கு ஈடாகாது. கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாற்றைப் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வெப்பத்தில் அழிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக வேலை செய்வது தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேராமல் தடுத்துவிடுகிறது. காலையில் கஞ்சி குடித்த கையோடு ஒரு குவளை, மதியச் சோற்றுக்குப்பின் ஒரு குவளை என்று தேநீர் அருந்துவோர் உண்ட இரும்பில் பெரும்பகுதியை வீணாக்குகின்றனர். தேநீரை விட்டுவிடுமாறு கடற்கரையில் நின்று சொன்னால் கேட்பார் எவருமிலர், சொல்லவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அது இரத்தத்தை ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதன் சிவப்பு வேறு சாயத்தால் வருவது. அதுபோலவே, இரவில் நீரூற்றி வைத்த பழைய சோற்றில் இரும்பு பல மடங்கு பெருகிவிடுவதாக ஒரு கணக்கு அண்மைக் காலத்தில் உலவுகிறது. சோறு புளிக்கும்போது இரும்பு எங்கிருந்தும் புதிதாக வந்து சேர இயலாது. புளித்தலால், இருக்கும் இரும்பு சற்று எளிதாக உடலில் சேரக்கூடும். பழைய சோறு நல்லுணவே. ஆனால் கர்ப்பிணி ஒருத்தி அதனை நம்பி மாத்திரையை ஒதுக்குவாளாயின் ஆபத்து.

ஏனெனில், கர்ப்ப காலத்துத் தேவையை உணவினால் மட்டும் நிறைவு செய்வது நம் குடும்பங்களில் பெரும்பாலும் இயலாத காரியம். இதனை மறைத்து, கீரை தின்றால் போதும் என்று எழுதுவது நேர்மையாகாது. 2018 முதல் நடைபெறும் சோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ் கர்ப்பிணிகளுக்கு, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை, நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 நாட்களுக்குக் கொடுக்கப்படுகிறது. பிரசவத்துக்குப்பின் மேலும் 180 நாட்கள் அதைத் தொடர வேண்டும். வளரிளம் பருவத்துப் பெண்களுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு நீல மாத்திரை. இவை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கிடைப்பது வேறு, உட்கொள்வது வேறு. குமட்டலும் மலச்சிக்கலும் வருவதனாலும், மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அஞ்சுவதனாலும், பத்து நாட்களில் மாத்திரையைப் பரணில் போடுவோர் பலர். கறுப்பு நிறம் உடலில் சேராத இரும்பின் நிறம்; அச்சத்துக்குரியதன்று. குமட்டல் உள்ளவர்கள் இரவு உணவுக்குப்பின் மாத்திரையை உட்கொண்டு படுத்துவிடலாம். மாத்திரையைத் தேநீரிலோ பாலிலோ விழுங்கலாகாது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு உட்கொண்டால் நலம். குழந்தை பெரிதாக வளர்ந்து பிரசவம் கடினமாகும் என்று மாமியார் மாத்திரையைத் தடுக்கும் வீடுகளும் உண்டு. இவ்வீடுகளில் மருமகளிடம் பேசிப் பயனில்லை. கிராமச் செவிலியர் மாமியாரிடம்தான் பேச வேண்டும்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட ஒருவகைக் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாரத்தைக் கொடுத்ததும் அந்நோய் தணிந்தது. அச்சாரத்திலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பசுங்கீரைகளிலும் பயறு வகைகளிலும் அது உண்டு. வைட்டமின் 'பி12' குறைந்தாலும் சோகை வரும். இது தாவர உணவில் இல்லை. மீன், முட்டை, பால் உண்போருக்குக் கிடைத்துவிடும். மீனவர் இல்லங்களைக் காட்டிலும் சைவ உணவினரே இதில் கருத்தூன்ற வேண்டும். குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவும் மற்றொரு காரணம். மணலில் வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் தரும் புழுநீக்க மாத்திரையைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

அரிசியும் தவிடும்

சோற்றைப் பொறுத்தமட்டில் காவிரிப் பாசனத்து மக்கள் தம்மையறியாமலே ஒரு பெருநோயிலிருந்து தப்பினர் என்று கூறலாம். வைட்டமின் 'பி1' குறைந்தால் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைப் போக்கும் பெரிபெரி என்னும் நோய் வரும். ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியைத் தின்ற கோழிகள் இந்நோயால் வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை தேறுவதையும் 1890-களில் கண்டறிந்தார். அதற்காக 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் நாட்டில் 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியும் பெரிபெரியைப் பற்றியதே. அங்கு வளர்ந்த ஆராய்ச்சிக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது.

அக்காலச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதும் வாட்டியது வட சர்க்கார் என்று வழங்கிய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களையே. அங்குள்ளோர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழ் மாவட்டங்களிலோ புழுங்கலரிசி வழக்கம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசியில் உள்ளதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தீட்டிய புழுங்கலரிசியில் 'பி1' இருக்கிறது. எனினும் அரிசியை நான்கைந்து தடவை தேய்த்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் இச்சத்து மீண்டும் போய்விடும். இருமுறை இலேசாகக் களைந்தால் போதும். வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கும் வழக்கத்தை இளைஞர்கள் ஏளனமாக நினைக்க வேண்டியதில்லை.

நியாயவிலைக் கடை அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், 'பி12' ஆகியவை சேர்த்த செறிவூட்டிய மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலப்பது என மத்திய அரசு 2022-இல் முடிவு செய்து, 2024 மார்ச்சுக்குள் அதனை நாடெங்கும் விரிவாக்கியது. அரிசி மாவில் சத்துக்களைச் சேர்த்துப் பிசைந்து மறுபடி அரிசி வடிவில் வார்க்கப்பட்ட அம்மணிகள் சற்று மங்கலான நிறமுடையவை. நீரில் சில மிதக்கும். இதனால் பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டதென்று அஞ்சி, முறத்திலிட்டுப் பொறுக்கி எறிந்தோர் உண்டு. எறியப்பட்டது அரிசியிலேயே சத்து மிகுந்த பகுதி. தலசீமியா முதலிய இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இதுபற்றி மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

மாலைக்கண்

வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் அந்தி வேளையில் கண் மங்கும். குறைவு நீடித்தால் விழி வறண்டு, வெண்மையில் சோப்பு நுரைபோன்ற திட்டுக்கள் தோன்றும். இறுதியில் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகும். இது கண்ணோடு நிற்கும் நோயன்று என்பதை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று காவிரிக் கரையிலேயே நடைபெற்றது. திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த லட்சுமி ரஹமத்துல்லா முதலியோர் ஓராண்டுக் காலம் இதனை நடத்தினர். ஒரு சாராருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' வீட்டிற்கே சென்று ஊட்டப்பட்டது. 1990-இல் வெளியான முடிவின்படி, அவர்களிடையே இறப்பு மற்றவர்களிடையே நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு. வயிற்றுப்போக்கையும் தொற்று நோய்களையும் எதிர்க்கும் வலிமைக்கும் இச்சத்து வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சியில் கொடுத்தது பெரிய மருந்தளவு அன்று. ஒரு வாரத்து உணவிலிருந்தே பெறத்தக்க அளவு. அதாவது, வீட்டுச் சமையலில் கீரையும் மஞ்சள் நிறப் பழங்களும் இருந்திருப்பின் அந்தப் பயனை அடைய வாய்ப்புண்டு. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பழுத்த பப்பாளி, மாம்பழம், பூசணி ஆகியவை இதற்கு ஏற்றவை. கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைக்க வேண்டும். எண்ணெயின்றி இச்சத்து உடலில் சேராது. மீன், முட்டை, ஈரல் இவற்றில் இச்சத்து நேரடியாகவே கிடைக்கிறது.

பொடிமீனைப் பற்றி மேலே குறித்தோம். டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவழியினரான சகுந்தலா தில்ஸ்டட், வங்கதேசத்தில் ஏழைகள் உண்ணும் மோலா என்னும் விரல் நீளக் குளத்துமீனை ஆராய்ந்து, வைட்டமின் 'ஏ' அதில் மிகுதியாக இருப்பதையும், அதிற் பெரும்பகுதி தலையிலும் கண்ணிலும் தங்கியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். இப்பணிக்காக 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. கடலின் பொடிமீன்கள் எல்லாவற்றிலும் அதே அளவு இருக்குமென எண்ணலாகாது. ஆயினும் முள்ளோடும் தலையோடும் மென்று உண்ணத்தக்க நெத்திலியில், துண்டு போட்ட வஞ்சிரத்தில் இல்லாத சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஏலத்தில் விலைபோகாத மீன் தாழ்ந்த உணவு என்ற எண்ணம் இதனால் நீங்க வேண்டும். நெத்திலியின் தலையைக் கிள்ளி எறியும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மணல் போகக் கழுவுவதுதான் முக்கியம்.

அங்கன்வாடியில் 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' திரவம் ஊட்டப்படுகிறது. மொத்தம் 9 தடவை. முதல் தடவை தட்டம்மைத் தடுப்பூசியோடு கொடுக்கப்படுவதால் பெரும்பாலோர் பெற்றுவிடுகின்றனர். பிற்பாடு வரும் தடவைகளைத்தான் தாய்மார்கள் மறந்துவிடுகின்றனர்.

கடலருகே அயோடின் குறைவா?

இது பலருக்கு வியப்பைத் தரும். முன்கழுத்துக் கழலை மலைநாட்டு நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இமயச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் இராமலிங்கசுவாமியும் அவருடைய துணைவர்களும் நடத்திய சோதனையில், அயோடின் சேர்த்த உப்பை உண்ட ஊர்களில் கழலை வேகமாகக் குறைந்தது. அதன் பயனாக 1962-இல் தேசியத் திட்டம் ஒன்றும் தோன்றியது. பின்னர் நாட்டின் பல பகுதிகளில் தேடியபோது சமவெளியிலும் கடலோரத்திலும்கூட இக்குறைவு இருப்பது தெரிய வந்தது.

கடலில் அயோடின் இருக்கிறது, கடல் நீரிலிருந்து உப்பு விளைகிறது, ஆகவே உப்பளத்து உப்பில் அயோடின் இருக்கும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் வாதம். ஆனால் கடல் நீரில் உள்ள அயோடினே மிகச் சிறிது. பாத்திகளில் உப்புப் பூக்கும்போது அதிலும் பெரும்பகுதி படிகத்தோடு தங்குவதில்லை. காரைக்காலுக்குத் தெற்கே வேதாரண்யத்தில் 1930-இல் இராஜாஜியும் தொண்டர்களும் அள்ளிய உப்பு நாட்டுக்கு விடுதலை உணர்வை ஊட்டியது. ஆனால் அளத்திலிருந்து அப்படியே அள்ளும் கல்லுப்பு எதுவும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு வேண்டியதை அளிப்பதில்லை. கடல்மீனில் அயோடின் உண்டு. நாள்தோறும் போதிய அளவு மீன் உண்பவருக்கு அது உதவும். கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் தாய்க்கு எவ்வளவு சேரும்?

அவளுக்குத்தான் அது மிகுதியாக வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இது இன்றியமையாதது. அக்காலத்தில் நேரும் குறையைப் பிறந்தபின் முற்றிலும் சீர்செய்ய இயலாது.

பரிகாரம் மிக எளிது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென்று விற்பது 2006 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. வீட்டை அடையும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆயினும் சாக்கு மூட்டையில் வரும் கல்லுப்பை மலிவு கருதியும், ருசி கருதியும் வாங்குவோர் கரையோரத்தில் இன்னும் உளர். கருவாட்டுக்கு அதனைப் பயன்படுத்தட்டும். சோற்றுப் பானைக்கும் குழம்புச் சட்டிக்கும் அயோடின் முத்திரையுள்ள உப்பே வேண்டும். அதனைத் திறந்த மரவையில் அடுப்போரம் வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பது நல்லது. தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அயோடின் வேண்டுமென்பதற்காக உப்பை அதிகம் உண்ணலாகாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் மிகுந்த வீடுகளில் இரத்த அழுத்தம் மற்றொரு கவலை.

மகப்பேறும் மீன்தடைக் காலமும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவைப் புட்டாகச் செய்து கொடுப்பது நம் கடற்கரையில் பழைய வழக்கம். புரதம் மிகுந்த அவ்வுணவு ஏற்றதே. பெரிய சுறாவின் இறைச்சியில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடுமாதலால் கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் அதைத் தவிர்த்துச் சிறு மீன்களை உண்பது நலம். ஆனால் பத்தியம் என்ற பெயரால் கீரையையும் பழத்தையும் பருப்பையும் நாற்பது நாட்களுக்கு விலக்குவதும், தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பதும் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் வெறும் அரிசிக் கஞ்சியோ கடையில் வாங்கிய பிஸ்கோத்தோ போதாது. குழைத்த சோற்றில் பருப்பும் எண்ணெயும் கீரையும் சேர்த்து, முள் நீக்கிய மீனை மசித்து ஊட்டலாம், முட்டையும் கொடுக்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மீன் இனம் பெருகுவதற்கான ஏற்பாடு இது. இவ்விரண்டு மாதங்களில் படகுத் தொழிலாளர் வீட்டில் மீனும் குறைகிறது, கையில் பணமும் குறைகிறது. முதலில் அடுக்களையிலிருந்து மறைவன பருப்பும் முட்டையும் பழமுமே. அத்தருணத்தில் கர்ப்பமாயிருக்கும் பெண்ணுக்கு, எடை கூட வேண்டிய மாதங்கள் வீணாகின்றன. அங்கன்வாடியில் தரும் இணை உணவைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளாமல் அவளுக்கே விடுவது முதற்காரியம். மலிவாக மீன் கிடைக்கும் மாதங்களில் நெத்திலியையும் காரப்பொடியையும் வீட்டுக்கென உலர்த்தி வைப்பது இரண்டாவது. மணலில் பரப்பாமல், உயரக் கட்டிய வலையின்மேல் உலர்த்தினால் மணலும் புழுவும் அணுகா. உப்பும் குறைவாகப் போதும். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. தடைக் காலத்து வெயிலுக்குக் கேழ்வரகுக் கூழும், தொட்டுக்கொள்ளக் கருவாடும் ஏற்ற உணவு.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரிப் பகுதிகளில் 1930-லேயே பள்ளியில் மதிய உணவு அளிக்கத் தொடங்கினர் என்பது நினைவுகூரத்தக்கது. இன்று இலையில் விழும் முட்டையைப் பிள்ளைகள் விரும்பி உண்கின்றனர். கீரையையும் கொண்டைக்கடலையையும் ஒதுக்கிவிடுகின்றனர். பரிமாறுவோரும் ஆசிரியர்களும் அருகில் அமர்ந்து உண்டால் இந்த ஒதுக்கல் பெரிதும் குறையும்.

கொல்லையில் கீரை

மணற்பாங்கான உப்பு மண்ணில் என்ன விளையும் என்று கடற்கரையோர் கேட்பர். முருங்கைக்கு மணல்தான் பிடிக்கும். மூன்று நான்கு அடி நீளமுள்ள முருங்கைப் போத்தை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகத் தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்றி, மேல் முனையில் சாணத்தை அப்பிவிட வேண்டும். ஆளுயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துத் தழை மிகும். புயலுக்கு முறிந்தாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். இரண்டு மரங்கள் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு குடும்பத்துக்குப் போதிய கீரை கிடைத்துவிடும். குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் பசலைக்கொடியையும் பப்பாளியையும் வைக்கலாம். பருப்புக்கீரை உப்பு மண்ணையும் ஓரளவு தாங்கும். மண்ணே உதவாத இடத்தில், ஓட்டைப் பிளாஸ்டிக் கூடைகளிலும் உடைந்த மீன் பெட்டிகளிலும் வண்டல் மண்ணையும் மட்கிய எருவையும் நிரப்பித் தண்டுக்கீரை விதைத்தால் 25 முதல் 30 நாட்களில் பறிக்கலாம். மீன் கழுவிய தண்ணீரைப் புதிதாக ஊற்றுவது செடிக்கு நல்லதென்று சிலர் செய்கின்றனர். கடல்நீரில் கழுவியதாயின் அது செடியைக் கருக்கிவிடும், கிணற்று நீரில் கழுவியதை மட்டும் வேருக்குச் சற்றுத் தள்ளி ஊற்றலாம்.